352-க்குப் போட்ட சிவப்புக் கோடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம். திருச்சுழி பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். முழுப் பரீட்சை நெருங்கிவிட்டது, ரெக்கார்டு நோட்டை முடித்தாக வேண்டும். பாக்கி இருந்தது ஒலியின் வேகம் காணும் சோதனை மட்டும்தான்.

சோதனை சுலபமானது. பள்ளிக்குப் பின்னால் கரிசல் பொட்டல். அதன் கடைசியில், மூடிக் கிடக்கும் பஞ்சு மில்லின் நீளமான சுவர். சுவரிலிருந்து எண்பத்தெட்டு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்ட வேண்டும். எதிரொலி வந்து சேரும் அதே நொடியில் அடுத்த தட்டு விழ வேண்டும். இப்படி இருபது தடவைக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, ஒலி சுவருக்குப் போய்த் திரும்பிய மொத்தத் தூரத்தை அதனால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்து வெயிலுக்கு அனுப்பிவிட்டு, நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்து குழுக்கள் 340 என்று எழுதி வந்தன. புத்தகத்தில் இருக்கும் அதே எண். ஐந்துக்கும் 'வெரி குட்' போட்டேன். ஆறாவது நோட்டில் 352. அதைக் கொண்டுவந்த பெண்ணின் முகமெல்லாம் வியர்வையும் புழுதியும்.

"புத்தகத்துல என்னம்மா போட்டிருக்கு?"

"முன்னூத்தி நாப்பது சார். எங்களுக்கு இப்படித்தான் வந்துச்சு. மூணு தடவ தட்டிப் பாத்துட்டோம்."

"அஞ்சு குரூப்புக்கு வந்தது ஒனக்கு மட்டும் எப்படி வராமப் போகும்? வெளையாடிட்டு வந்து பொய் எழுதுறியா?"

352-ஐச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்து, பத்துக்குச் சைபர் போட்டேன். வகுப்பு சிரித்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நீங்களே வந்து தட்டிப் பாருங்க சார்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லார் முன்னாலும் அவள் மூக்கை உடைக்க வேண்டும் என்றே மொத்த வகுப்பையும் கூட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போனேன்.

கட்டையை நானே தட்டினேன். ஸ்டாப் கிளாக்கை வகுப்பு லீடரிடம் கொடுத்தேன், அந்தப் பெண்ணை நம்பவில்லை. இருபது தட்டுக்குப் பத்து வினாடி. கணக்குப் போட்டால் 352. மறுபடி தட்டினேன், அதே பத்து. மூன்றாம் தடவை செருப்பைத் தாண்டிக் கால் சுட்டபோதுதான் உறைத்தது. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். பதினோரு வருடமாக நானே நடத்துகிற பாடம். அந்த வெயிலில் 340 வர வழியே இல்லை.

அப்படியானால் அந்த ஐந்து குழுக்கள்? நோட்டுகளை வாங்கிப் புரட்டினேன். ஐந்திலும் ஒரே நேரம், பத்து புள்ளி முப்பத்தைந்து வினாடி. ஒருத்தரும் கட்டையைத் தொடவே இல்லை. நிழலில் உட்கார்ந்து 340-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கத்தித் தீர்த்தேன். லீடர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "நீங்கதான சார், ஊசல் சோதனைக்கு விடைய மொதல்ல எழுதிட்டு, அளவ பெறகு போட்டுக்கங்கன்னு சொன்னீக."

சொன்னேன்தான். கல்லூரியில் நானும் அப்படித்தான் ரெக்கார்டு எழுதினேன். யார் மேல் கோபத்தைக் காட்டுவது என்று தெரியாமல் கட்டைகளை வீசி எறிந்தேன்.

அங்கேயே, எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சைபரை அடித்துவிட்டுப் பத்து போட்டுக் கொடுத்தேன். நோட்டை வாங்கிக்கொண்டவள், "மார்க்குக்காகக் கேக்கல சார். பொய்யின்னு சொல்லிட்டீக" என்றாள். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டாள்.

ஐந்து பொய்களைப் பாராட்டிவிட்டு, வெயிலில் நின்று கொண்டுவந்த ஒரே உண்மையைப் பொய் என்று சொன்ன வாத்தியார் நான். என் மேல் எனக்கு வந்த அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.