பெரியப்பா சொன்ன கடைத்தெரு

யாழினி, கவின், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரரும் படிக்கட்டும்.

உங்கள் பெரியப்பா பருத்தித்துறையில் எனக்கு ஆறு வயது மூத்தவராகப் பிறந்தார். எங்கள் தகப்பனார் இறந்ததும் தன் படிப்பை விட்டு என்னைப் படிக்க வைத்தார். நான் பத்தாம் வகுப்போடு நின்றது அவர் குற்றமல்ல. சண்டைக் காலத்தில் நான் மொன்றியலுக்கு வந்தேன். அவர் ஸ்கொட்லாந்தில் ஒரு சிறிய சந்தைப் பட்டினத்துக்குப் போய்க் கடை எடுத்தார். பத்திரிகை, பால் விற்கும் கடை. இங்கே டெப்பனர் என்கிறோமே, அதுபோல. கலியாணம் செய்யவில்லை.

ஞாயிறு தவறாமல் அழைப்பார். சந்தை முற்றத்து மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்றுதான் கதைப்பார். முற்காலத்தில் கீழே கள்ளரை அடைத்து, மேலே வரி வாங்கிய கட்டடமாம். எங்களுக்குக் காலை பத்து. அங்கே மூன்று அடிக்கும், கவின் எண்ணுவான். பிறகு கடைகளை வரிசையாகச் சொல்வார்: இறைச்சிக்கடை, ரொட்டி சுடும் பாண்கடை, கம்பளி நூல் கடை, குதிரைச் சேணம் தைக்கும் கடை, தானியச் சந்தையாக இருந்து படமாளிகையான பெரிய கட்டடம், பக்கத்தில் தன் கடை.

ஒருநாள் நூல் கடையை விட்டுவிட்டுச் சொன்னதும் கவின் பிடித்துவிட்டான்: "பெரியப்பா, போன கிழமை பாண்கடைக்குப் பக்கத்தில நூல் கடை எண்டனீங்கள்."

"விட்டிட்டன், பொலிஸ் ஐயா. மறியல்ல போட்டிடாதேங்கோ."

அதைக் கேட்டுக் கேட்டு யாழினி கீறிய தெருப்படம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது.

"அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்" என்பேன்.

"ஓடுற கடையைப் பூட்டிப்போட்டு எப்பிடியடா வாறது? நீ வா."

"ஓம், பேந்து பாப்பம்."

அவர் வரமாட்டார் என்றதும் என் நெஞ்சு ஆறும். மொன்றியலின் மேற்கோரத்தில், ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கப் போகிறோம் என்று அவரிடம் சந்தோசத்தில் சொல்லியிருந்தேன். வங்கி மறுத்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வாங்கிவிட்டோம் என்றேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் இந்த மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வீட்டைப் பற்றிப் பெரியப்பா கேட்டால் போனை என்னிடம் தாருங்கள் என்று உங்களையும் பழக்கினேன்.

மாரடைப்பில் போய்விட்டார் என்று இறைச்சிக்கடைக்காரர் அறிவித்ததும் புறப்பட்டேன். யாழினி கீறிய தெருப்படத்தைக் கழற்றிக் கொண்டுபோனேன். படத்தில் பாண்கடை இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. நூல் கடைக் கண்ணாடிக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். படமாளிகைக்குள் புறாக்கள். பெரியப்பாவின் கடைக்கதவில் பூட்டு துருப்பிடித்திருந்தது. திறந்திருந்தது இறைச்சிக்கடை ஒன்றுதான்.

"உங்கள் அண்ணன் கடை பூட்டிப் பன்னிரண்டு வருடம்" என்றார் இறைச்சிக்கடைக் கிழவர். "ஊருக்கு வெளியே பெரிய கடை வந்தது. எல்லோரும் விழுந்தோம். உங்கள் அண்ணன் அங்கேதான் தரை துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தடியில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசுவார். யாரோடு என்று கேட்டால், என் பிள்ளைகள் என்பார்."

கவின், அந்தக் கடை நீ பிறக்க முன்பே பூட்டிவிட்டது.

அதற்கு மேலே ஒற்றை அறையில் இருந்திருக்கிறார். சுவரில் ஒரு தாள். கவினிடம் பிடிபடாமல் இருக்கக் கடைகளை வரிசையாக எழுதியிருந்தார். கழற்றித் திருப்பினேன். "தம்பி வீடு, ரொக்ஸ்பரோ. வாசலில் மேப்பிள் மரம். மாடியில் மூன்று அறை. தெருப்பக்க அறை எனக்காம்."

அந்த அறையை அவருக்குக் கொடுத்தது நான்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாய்க்கு வந்தபடி. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவரும் வெட்கத்தை விட்டு இந்த மூன்றாம் மாடிக்கே வந்திருப்பார். ஊரை விட்ட பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்தது பெட்டிக்குள்தான். தாளை அவர் சட்டைப்பையில் வைத்தேன். அவரோடு எரிந்தது.

முன்பின் தெரியாத என்னைத் தன் வீட்டில் தங்கவைத்த இறைச்சிக்கடைக்காரருக்கும், கிளாஸ்கோவிலிருந்து வந்து தோள் கொடுத்த தமிழ்க் குடும்பங்களுக்கும், நான் வரும்வரை உங்களைப் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தெருப்படத்தை என்ன செய்வது என்று கேட்டாய், யாழினி. எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் அங்கே நின்ற ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தடிக்குப் போனேன். மூன்று அடித்தது. நீங்கள் போனுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள் என்று தெரியும். போனைக் கையில் எடுத்தேன். எந்தக் கடையிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திரும்பச் சட்டைப்பையில் வைத்தேன்.