வலி எடுத்தபோது அவள் தேடிய மாத்திரை

என் மருமகளின் பையிலிருந்து ஒரு மாத்திரையைத் திருடினேன். அது எதற்கானது என்று தெரிந்த பிறகும் திருப்பி வைக்கவில்லை. பிரசவ வலியில் அவள் அதைத் தேடியபோது, பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.

என்னை எழுத்தறியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருந்த பள்ளி ஆசிரியன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. எய்ட்ஸ் என்ற சொல்லைச் சுவர்களில் எழுதியிருந்தார்கள்; வீடுகளில் யாரும் உச்சரிப்பதில்லை. என் மகன் தோல் வியாபாரத்துக்காகக் கல்கத்தா, கான்பூர் என்று அலைந்துகொண்டிருந்தான். என் மனைவி காலமாகிவிட்டாள். மருமகள் ஜெசிந்தாவுக்கும் தாய் இல்லாததால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்றாயிற்று.

தனியார் மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று தனியாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினாள். கேட்டால், “சத்து மாத்திரை வாங்கத்தான் மாமா” என்பாள். எனக்குச் சந்தேகம். ஒருநாள் ஆட்டோவில் பின்தொடர்ந்தேன். ஓர் இளைஞன் அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினான். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்தபடி வந்தாள். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நான் மிகக் கேவலமானதை நினைத்தேன்!

அவள் குளிக்கப் போன நேரம் பையைத் துழாவினேன். காகிதத்தில் மடித்த ஒற்றை மாத்திரை கிடைத்தது. உள்ளூரில் காட்டினால் பேச்சாகிவிடும் என்று, நத்தத்தில் மருந்துக்கடை வைத்திருந்த நண்பர் காதரிடம் கொண்டுபோனேன்.

“வாத்தியாரே, இது யாருக்கு?” என்றார்.

“ரோட்டுல கெடந்துச்சு.”

“ரோட்டுல கெடந்ததைத் தூக்கிக்கிட்டு மழையில இம்புட்டுத் தூரம் வந்தீகளாக்கும்!” சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எச்.ஐ.வி. உள்ள பொம்பளைக்குக் குடுக்குறது. வலி எடுத்ததும் முழுங்கணும். பிள்ளைக்கு வராமத் தடுக்கத்தான். இருந்த எடத்துல வச்சிருங்க.”

வைத்தேனா?

இல்லை... ஊர் ஊராய் அலைந்த மகனை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியைத் தவிர வீட்டைத் தாண்டாத பெண்ணைச் சந்தேகித்தேன். கதவைச் சாத்திய அந்த இளைஞன், இந்த நோய் உள்ளவர்களுக்கு அங்கே ஆலோசனை சொல்பவன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் ஊரிலிருந்து வந்ததும் அவன் முன்னால் எடுத்துப் போட வேண்டும், அவளைத் துரத்த வேண்டும்... அதற்குச் சாட்சியாக அந்த மாத்திரையை என் மேசை இழுப்பறையில் பூட்டினேன்.

அவன் வருவதற்குள் அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

பையைத் தரையில் கொட்டித் தேடினாள். “மாமா, இதுல ஒரு மாத்திரை வச்சிருந்தேனே... பாத்தீகளா?”

“பாக்கலையேம்மா.”

சாவி என் சட்டைப் பையில் இருந்தது! எடுத்துக் கொடுத்திருந்தால் பையைத் துழாவியவன் என்று தெரிந்திருக்கும். அந்த அவமானம் எனக்கு ஒரு சிசுவைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

“அப்பப் பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோம் மாமா. அங்க இருக்கும்” என்று கெஞ்சினாள். அங்கே செவிலியர் முதல் வாயிற்காவலர் வரை பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். ஆட்டோக்காரரிடம் என்னை யாரும் அறியாத ஒரு நர்சிங் ஹோமின் பெயரைச் சொன்னேன். அங்கே அந்த மாத்திரை இல்லை. பிறந்ததும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய சொட்டு மருந்தும் இல்லை. பச்சை உடம்போடு அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, அதைக் கொடுக்கும் காலம் கடந்திருந்தது.

பேத்திக்கும் அந்தக் கிருமி இருந்தது. என் மகனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்ததாம்; சாகும் தறுவாயில் அவனே சொன்னான்.

மாத்திரை போட்டிருந்தாலும் சில குழந்தைகளுக்கு வரக்கூடும் என்றார் மருத்துவர். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் தூங்க முயன்றிருக்கிறேன்! ஆனால் வராமலும் போயிருக்குமே...

மகனை அடக்கம் செய்த பிறகு ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “அன்னைக்கு என்னையத்தான் திட்டிக்கிட்டேன் மாமா, எங்கயோ தொலைச்சிட்டேன்னு” என்றாள்.

வீட்டை அவள் பெயருக்கு எழுதினேன், வாங்கிக்கொண்டாள். மதுரைக்கு மருந்து வாங்கப் போகும்போது துணைக்கு வருகிறேன் என்றேன்; வரலாம் என்றாள். பேருந்தில் மருந்துப் பையை மட்டும் என் பக்கம் வைப்பதில்லை.

இப்போதும் பேத்தி மாத்திரை போடும் வேளையில், “தாத்தா, தண்ணி!” என்று கூப்பிடுகிறாள். கொண்டுபோகிறேன். ஜெசிந்தா வந்து அந்தத் தம்ளரை வாங்கி, முகர்ந்து பார்த்து, முற்றத்தில் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் மொண்டு வருகிறாள்.