கரைக்கு முன்னால் நின்ற ரயில்

அத்தாஉல்லாவின் ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. ஆலங்குடா பூங்காவில் தென்னை உயரத்துக்குத் தூண் நட்டு, ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஓடவிட்டிருக்கும் சின்ன ரயில் அது. முன் இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். இதிலென்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பள்ளிவாசல்துறையில் பாதி ஆயுளை வள்ளத்தில் கழித்த மனுசனுக்கு அதுவே பெரும்பாடாக இருந்தது.

வள்ளக்காரர் கரையை நெருங்கும்போது இன்ஜினை முன்கூட்டியே நிறுத்தி மேலே தூக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் இன்ஜினின் அடியில் சுழலும் விசிறி மணலில் அடித்து உடையும். மிச்சத் தூரத்துக்கு வந்த வேகமே போதும். அந்தப் பழக்கம் அத்தாஉல்லாவின் கையில் ஊறிப்போயிருந்தது. சனம் ஏறி இறங்கும் மேடை கண்ணில் பட்டதுமே கை தானாகக் கைப்பிடியை இழுத்துவிடும். மேடைக்கு முன்னால் தண்டவாளம் சற்று ஏறுகிறது என்பது கைக்கு எங்கே தெரியப்போகிறது! ரயில் மூச்சு வாங்கி, மேடைக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றுவிடும். உள்ளே சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்.

"அத்தாஉல்லா நானா, இது வள்ளமில்ல," என்றாள் மேற்பார்வை பார்க்கும் மாக்கிறட். அண்ணனை அந்தப் பக்கம் நானா என்பார்கள். பொறுமைசாலிதான், பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டே. "இன்னொரு தரம் இப்பிடி நிண்டா நான் வேற ஆளத்தான் பாக்கோணும்."

வேலை போனால் திரும்பக் கடல்தான், அடுத்தவர் வள்ளத்திலாவது. ஒருமுறை வள்ளம் கவிழ்ந்து, வெறும் கேனைக் கட்டிப்பிடித்தபடி அவன் விடியவிடிய மிதந்தான். அன்றிலிருந்து மனைவி நஸ்லா கடல் பக்கம் முகம் திருப்புவதில்லை. மீன் வாங்கக்கூடத் துறைக்குப் போகமாட்டாள். அவளுக்காகத்தான் வள்ளத்தையே விற்றான். அதனால் மாக்கிறட் சொன்னதை அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. கேட்டவள் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

"நாளைக்கு நானும் வாரன்," என்றாள் கடைசியில்.

சொன்னபடி வந்து, அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். வளைவில் கடல் முழுசாகத் தெரிந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வளைவு கழிந்து கண்ணைத் திறந்தபோது மேடை தெரிந்தது. அத்தாஉல்லாவின் கை மெல்ல நகர்ந்தது. கல்யாணமான புதிதில் அவனோடு வள்ளத்தில் தீவுக்குப் போய்வந்தவள் அவள். அந்தக் கையசைவு அவளுக்குத் தெரியாதா?

"இஞ்ச பாருங்க, இன்னும் கரை வரல்ல," என்றாள் மெதுவாக.

கை அப்படியே நின்றது. ரயில் ஏற்றம் ஏறி மேடையோடு ஒட்டி நின்றது. மாக்கிறட் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். அத்தாஉல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவன் மறைக்கவுமில்லை.

"இறங்கு புள்ள," என்றான்.

"இறங்கமாட்டன். இன்னொரு சுத்துப் போங்க. கடலப் பாக்கணும்."

"கண்ண மூடிட்டு இருந்தியே?"

"இனி நீங்க அதுல போகமாட்டீங்கதானே," என்றாள் நஸ்லா. "இப்பப் பாக்கலாம்."