தாயாரின் பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

எங்கள் புரோகிராமில் அச்சகம் தயாரித்த திருமண அழைப்பிதழின் மாதிரித் தாளில் மணமகளின் தந்தை பெயருக்கு முன்னால் ஒரு சிறு சிலுவை இருந்தது. அவர் காலமானவர், எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அப்படிப் போடுவதுண்டு. அதே சிலுவை அடுத்த வரியில் தாயாரின் பெயருக்கு முன்னாலும் இருந்தது. தாயாரோ உப்புவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து, அச்சகத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வாசித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் எப்ப பிள்ளை செத்தனான்?”

என் அருகில் நின்ற ராத்தா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூதூரிலிருந்து வருபவர்; முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல நானும் அவரை ராத்தா என்றே கூப்பிடுவேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில், நான் எழுதும் புரோகிராமைச் சோதித்துப் பிழை பிடிப்பது அவர் வேலை. இப்போது கட்டாரில் இருக்கிறார். அச்சக முதலாளி சிரிக்கவில்லை. “தங்கச்சி, நாளைக்குள்ள சரிவராட்டி நான் பழைய புரோகிராமுக்கே போறன்” என்றார். எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அது என் முதல் வேலை. அவர் போனால் அதுவும் போகும்.

பிழை, எழுத்துகளைத் தட்டச்சிடும் பெட்டியில் இருந்தது. என்டர் விசையை அழுத்தினால், புதிய வரி மேல்வரியின் பிள்ளையாகப் பிறந்து, அதன் எழுத்துரு, அளவு, சிலுவை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அழித்தாலும், கோப்பைத் திரும்பத் திறக்கும்போது சிலுவை வந்து நிற்கும். அலுவலகம் திரும்பியதும் நான் ஆத்திரத்தில் அந்த உறவையே வெட்டிவிட்டேன். சிலுவை போனது. கூடவே தமிழ் எழுத்துருவும் போய், தாயாரின் பெயர் வெறும் கட்டங்களாக நின்றது.

“முதல்ல சாகாத மனுசிய மௌத்தாக்கினாய், இப்ப பேரையும் அழிச்சிட்டாய்” என்றார் ராத்தா. பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். “உன்ட உம்மாட மூக்கு உனக்கு அப்பிடியே வந்திருக்கு. அவ கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிறது உனக்கு வந்திச்சா? இல்லதானே.”

அம்மாவைப் பற்றி வேறு யாரும் அப்படிச் சொல்லியிருந்தால் கோபித்திருப்பேன். ராத்தா அம்மாவின் கையால் மீன்குழம்பு சாப்பிட்டுப் பழகியவர். அம்மாவிடமே இதைச் சொல்லிச் சிரிக்கக்கூடியவர். நானும் சிரித்தேன். எழுத்துருவும் அளவும் பிள்ளை வரிக்கு வரட்டும், சிலுவை வரவேண்டாம் என்று இரண்டு பட்டியல்களாகப் பிரித்தேன். வருவதற்கு மூக்கு, வராததற்குப் பெருவிரல் என்று பெயர் வைத்தேன். இன்றும் அந்தப் பெயர்களை மாற்றவில்லை. புதிதாகச் சேருபவர்கள் காரணம் கேட்டால், கட்டாருக்கு அழைப்பெடுத்து போனைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மறுநாள் தாயார் திரும்பவும் வந்தார். புதிய தாளை வெளிச்சத்தில் பிடித்து, கணவரின் பெயரை ஒருமுறை தடவினார். பிறகு தன் பெயரில் நெடுநேரம் விரலை வைத்திருந்தார்.

“சரி, இப்ப நான் கலியாணத்துக்குப் போகலாம்” என்றார். “நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் வரவேணும். வராட்டி, நான் உண்மையாச் செத்தாலும் வரப்படாது.”