இந்த அட்டைக்கு அந்த அட்டை

மனசைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். கண்ணில் படுகிறவர்களை எல்லாம் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். ஹட்டனில் பள்ளிக்கூட வேலை பார்த்துக்கொண்டே உளவியல் டிப்ளோமா படித்த எனக்கும் அது வந்தது. முதலில் மாட்டியவர் அம்மா.

அம்மா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பிரசர் இருக்கிறது. தினமும் காலையில் ஒரு குளிசை போட வேண்டும். போடமாட்டார். கேட்டால், "மறந்துருச்சு புள்ள" என்பார். எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே ஓர் அத்தைக்குப் பிரசர் ஏறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து எனக்குப் பயம். அம்மாவுக்கு அது துளியும் இல்லை.

அப்போதுதான் பாடத்தில் ஒரு விஷயம் வந்தது. மறதியை வெல்ல மன உறுதியெல்லாம் தேவையில்லையாம். தவறாமல் செய்யும் பழைய பழக்கம் ஒன்றின் வாலில் புதுப் பழக்கத்தைக் கட்டிவிட்டால், பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்கு பஸ் ஏறினேன்.

அம்மா தவறாமல் செய்வது எது? மலைக்குக் கிளம்புமுன், ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பு, அதாவது சவுக்காரம் பூசுவது. ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போனாலும் பூசுவார். மழைக்காலத்தில் அவர் மறந்தாலும் அட்டைகள் மறக்காது. சவுக்காரக் கட்டிக்குப் பக்கத்திலேயே குளிசை அட்டையை வைத்தேன்.

"காலுக்குப் பூசினதும் இதுல ஒண்ணு போட்டுருங்கம்மா."

"அந்த அட்டைக்கு இந்த அட்டையா?" என்று அம்மா சிரித்தார்.

பலித்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் பிரசர் நன்றாக இறங்கியிருந்தது. நான் வகுப்பில் எழுந்து நின்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்துப் பெருமையடித்தேன்.

தை மாதக் கிளினிக்கில் மறுபடியும் ஏறியிருந்தது. டாக்டர் கருவியைப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை கட்டிப் பார்த்தார். குளிசையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் சிங்களத்தில் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன்.

"இப்பதான் அட்டையே இல்லையே புள்ள" என்றார் அம்மா, இதுகூடத் தெரியாதா என்பது போல. "அட்டை இல்லாம சவுக்காரம் எதுக்கு? சவுக்காரம் பூசினாத்தானே குளிசைன்னு நீதானே சொன்ன?"

தையில் மழை விட்டுப் பனி விழும், அட்டைகள் காணாமல் போய்விடும். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? படித்த படிப்பு மறைத்துவிட்டது. வேறு வழியில்லாமல், அட்டை இல்லாததால்தான் நிறுத்தினார் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர், இந்த ஆஸ்பத்திரியில் அட்டை விட்டு வைத்தியம் செய்வதில்லை என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் மெலிந்த உடம்பைத் திட்டினார். பிறகு என் செருப்பை, பிறகு நான் வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளைகளை வரிசையாக. எனக்குப் பொறி தட்டியது. மழையோ பனியோ பௌர்ணமிப் போயா லீவோ, தினமும் காலையில் போன் எடுத்து அம்மா என்னைத் திட்டாத நாளே கிடையாது.

"அம்மா, இனிமே என்னயத் திட்டும்போது குளிசை போடுங்க."

"அப்ப ஒரு நாளைக்கு நாலு போடணுமே."

"காலையில மொதல் திட்டுக்கு மட்டும்."

இந்த ஏற்பாட்டுக்குப் பருவகாலமே இல்லை. பிரசர் இறங்கியது. இந்த முறை வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலையில் போன் வந்தது. அம்மாவின் குரல் குழைந்திருந்தது. "கனவுல நீ வந்த புள்ள. நல்லா இருக்கியா? சாப்பிட்டியா தங்கம்?"

திட்டு வரும் அறிகுறியே இல்லை. திட்டு இல்லையென்றால் குளிசையும் இல்லை. இரண்டு ரொட்டி உள்ளே போய், மூன்றாவது கையில் இருந்தது.

"இல்லம்மா. ஒரு வாரமா காலையில சாப்பிடுறதே இல்ல."

அம்மா ஆரம்பித்தார். என் படிப்பில் தொடங்கி, என் மூளை வழியாக, அப்பா வழிச் சொந்தம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றினார். நடுவில் சட்டென்று நிறுத்தினார். அட்டையிலிருந்து குளிசையைப் பிதுக்கும் சத்தம் கேட்டது. ஒரு மடக்குத் தண்ணீர் இறங்கியது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் சத்தம் வராமல் மூன்றாவது ரொட்டியைப் பிய்த்தேன்.