அந்த வாசலில் இறங்காமல் போன பின்னேரம்

போன வருடம் மாசி மாதம், காலபோக நெல் அறுவடை முடிகிற நேரம். எங்கள் வீடு விசுவமடுவுக்குக் கிட்ட இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், வயலில் நின்ற வெட்டு மெசின்காரருக்குத் தேத்தண்ணி கொண்டுபோன என் மகள் வரம்பில் கிடந்த வைக்கோலை மிதித்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. அவள் கத்தக்கூட இல்லை. காலில் என்னவோ குத்திவிட்டது என்று சொல்லியபடி நொண்டிக்கொண்டு வந்தாள். பின்னால் ஓடிவந்த மெசின்காரர்தான், அது கடும் விசமுள்ள புடையன் விரியன் என்றார்; தன் கண்ணால் கண்டாராம்.

கணுக்காலில் இரண்டு சின்னப் புள்ளிகள்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, விசகடிக்கு வேர், மூலிகை கொடுக்கிற பரியாரியாரிடம் கொண்டுபோகச் சொன்னா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் காலத்திலும் பரியாரியா, நேரத்தை வீணாக்கிப் பிள்ளையைச் சாகக் கொடுக்கவா என்று எரிந்து விழுந்தேன். நான் அரச அலுவலகத்தில் வேலை செய்பவள். பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று தெரியும். அதில் பிழையில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பதில்தான் பிழை விட்டேன்.

எங்கள் ஊர் அரச வைத்தியசாலை ஓட்டோவில் பத்து நிமிடத் தூரம். ஆனால் சில மாதங்களுக்கு முன் காய்ச்சலுக்கு அவளை அங்கே கூட்டிப் போனபோது, பாதி நாள் மர வாங்கில் குந்திக் காத்திருந்த பிறகு, மருந்து முடிந்துவிட்டது, வெளியே வாங்குங்கோ என்று துண்டெழுதித் தந்தார்கள். அந்த எரிச்சல் மனதில் கிடந்தது. என் கைப்பையிலோ அலுவலகம் மூலம் கிடைத்த காப்புறுதி அட்டை இருந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் செலவைக் காப்புறுதி ஏற்கும். எல்லோருக்கும் இப்படி ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டால் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிகளே தேவையில்லை என்று அலுவலகத்தில் எத்தனையோ தரம் வாதாடியிருக்கிறேன்.

வைத்தியசாலை வாசலடியில் ஓட்டோ மெதுவானது. ஓட்டி வந்த அயல் வீட்டுத் தம்பி திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, இஞ்சை இறக்குவமோ?"

"இஞ்சை ஒண்டும் இராது. நேரே கிளிநொச்சிக்கு விடு தம்பி."

அவன் வேகத்தைக் கூட்டினான். கால் வீங்கிக்கொண்டே வந்தது. பரந்தன் சந்தி தாண்டியதும் மகள் வெளியே எட்டித் துப்பினாள். எச்சில் சிவப்பாக இருந்தது. பல் முரசிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. வாய் உப்புக் கரிக்கிறது என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் அவளுடைய தலையை என் நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

தனியார் ஆஸ்பத்திரியில் வரிசை இல்லை. அட்டையை நீட்டினேன். மேசையில் அதை வாங்கிய பெண்பிள்ளை அன்பாகத்தான் பேசினாள். டொக்டரும் உடனே வந்தார். காலைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, இதுக்கு ஏத்திற மருந்து எங்களிட்ட இல்லை. கவுண்மேந்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. இதில நிண்டு மினக்கெடாதேங்கோ."

அவரே அங்கே தொலைபேசியில் அறிவித்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அட்டையை மறந்தே போனேன். அந்தப் பெண்பிள்ளைதான் பின்னால் ஓடிவந்து அதை ஓட்டோவுக்குள் போட்டாள்.

கிளிநொச்சி அரச ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்க முன்னமே அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் வைத்தார்கள். இருபது நிமிடம் அதை யாரும் தொடக் கூடாதாம். இரத்தம் கட்டியானால் பயமில்லை என்று தாதி சொன்னா. என் வாழ்நாளில் நான் அப்படி எதையும் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. சுவர் மணிக்கூட்டையும் அந்தக் குழாயையும் மாறி மாறிப் பார்த்தேன். நேரம் முடிந்ததும் டொக்டர் குழாயைச் சரித்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

மருந்து ஏற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உடம்பு உதறியது, பல் கிட்டியது. மருந்தே சிலருக்கு அப்படிச் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இருந்தும் கட்டில் கம்பியை விட என் கை மறுத்தது. உதறல் அடங்கிய பிறகு டொக்டர் என்னைக் கூப்பிட்டு, எங்கே, எத்தனை மணிக்குக் கடித்தது என்று விசாரித்தார். சொன்னேன்.

"உங்கட ஊர் ஆஸ்பத்திரியிலயும் இந்த மருந்து இருக்கே அம்மா. ஏன் அங்க காட்டேல்லை?"

கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

விடிந்தபின் எடுத்த இரத்தம் கட்டியானது. தாதி குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினா. அது அசையவில்லை. சிறுநீரகத்துக்கு ஏதும் வந்துவிடுமோ என்று இன்னும் பல நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா கட்டிலடியில் இருந்து மகளின் காலைத் தடவினா. பிறகு என்னைப் பார்த்தா.

"பரியாரியிட்டப் போகச் சொன்னதுக்கு என்னை ஏசினனி. கடைசியில நீயும் அந்தக் காசு ஆஸ்பத்திரி எண்ட உன்ரை பரியாரியிட்டப் போட்டுத்தானே வந்தனி."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது எங்கள் ஊர் வைத்தியசாலையின் நோயாளர் விடுதியை மூடி, எல்லாவற்றையும் பட்டண ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போவதாகக் கதை அடிபடுகிறது. அதைப் பற்றி ஊரில் நடந்த கூட்டத்தில் ஒருவர் எழும்பி, காப்புறுதி வந்தால் சனம் விரும்பிய இடத்தில் வைத்தியம் பார்க்கலாம்தானே என்றார். என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள். நான் எழும்பி, நடந்ததைச் சொன்னேன். ஓட்டோ அந்த வாசலைக் கடந்த இடம் வந்ததும், பாதியிலேயே கதிரையில் இருந்துவிட்டேன். முடிவு இன்னும் தெரியாது.

அட்டையை நான் எறியவில்லை, அதற்கும் ஒரு தேவை இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிற பஸ் அந்த வாசலைக் கடக்கும்போது, உள்ளே டொக்டர் நிற்கிறாரா, அந்த மருந்து இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.