வெண்பருந்தை நடக்க வைத்தவன்

மாரிக்கண்ணனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். டீசல் விலையா, பெய்யாத மழையா, மச்சினன் செய்த துரோகமா, எதற்கும் குரல் உயர்த்த மாட்டான். எழுத்தாளர் எழிலின் பெயரை மட்டும் எடுத்துவிடக் கூடாது. எடுத்தீர்களோ போச்சு! ஓடுகிற வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்துவிடுவான். ஏற்றிய லோடு அதுபாட்டுக்கு வெயிலில் காயும்.

ஊர் விஸ்வநத்தம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சிவகாசி அச்சகங்களில் லேபிளும் அட்டைப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவது பிழைப்பு. குட்டியானை என்று ஊரே சொல்கிற அந்தச் சின்ன லோடு வண்டி அவனுக்குச் சொந்தம். முன்கண்ணாடியில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில், வெள்ளை இறக்கை விரித்த ஒருவனின் படம் ஒட்டியிருக்கும். ஏதோ புதுச் சாமி என்று கும்பிட்டவர்களும் உண்டு. அவன்தான் வெண்பருந்து. சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்திலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த காமிக்ஸின் நாயகன். வானத்தில் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிறவன்.

மாரிக்கண்ணனின் அம்மா வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றியவள். அச்சகங்கள் கழித்துப்போட்ட தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அதில் வெண்பருந்தும் வருவான். நிறம் விலகி அச்சான தாள் என்பதால் அவனுக்கு இரண்டு மூக்கு இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே! பறந்தானா இல்லையா? பையன் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தத் தாள்களில்தான். கதை முடிகிற பக்கத்தைத் தேடினால் அம்மா அதை எப்போதோ சுற்றிப் பசை தடவியிருப்பாள். 'எங்க ஆத்தாவுக்கு முதப் பக்கத்த எடுத்துச் சுத்துனா என்னவாம்?' என்று இன்றைக்கும் குறைப்படுவான்.

அப்படி வளர்ந்தவனுக்கு, எழில் என்ற மனிதர் வெண்பருந்தை எழுத வந்ததும் வயிறு எரியாமல் என்ன செய்யும்? வந்த முதல் இதழிலேயே அவர் நாயகனின் இறக்கையைக் கருக்கிவிட்டார். சரி, அடுத்த மாதம் முளைத்துவிடும் என்று காத்திருந்தால், முளைக்கவில்லை. மூன்று வருடம் எழுதினார் எழில். மூன்று வருடமும் வெண்பருந்து நடந்தான். பஸ்ஸுக்கு நின்றான். பஸ்ஸைத் தவறவிட்டான். காப்பாற்றப் போன இடத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு தமிழில் யார் காமிக்ஸ் எழுதினாலும் நாயகன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டத் தொடங்கினான். எல்லாம் அந்த மனிதர் காட்டிய வழி.

அதிலும் 'வாசலில் ஒருவன்' என்று ஓர் இதழ். ஒரு கட்டடம் இடிந்து கிடக்கிறது. வெண்பருந்தால் உள்ளே போக முடியவில்லை. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுகிறான். இதழ் முழுக்க இதேதான். மாரிக்கண்ணன் அதை வாங்கி, சட்டுப்புட்டென்று புரட்டிப் பார்த்துவிட்டு, வண்டியின் இருக்கைக்கு அடியில் எறிந்தான்.

வாட்ஸ்அப்பில் வெண்பருந்து வாசகர்களுக்கு ஒரு குரூப் உண்டு. அதில் ஒரு கண்டிப்பான விதி: யாரும் யாருடைய பேரையும் ஊரையும் கேட்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் பேரைக் கேட்டால் ஊரைக் கேட்பார்கள். ஊரைக் கேட்டால் எந்தத் தெரு என்பார்கள். தெரு தெரிந்துவிட்டால் அப்புறம் எங்கே காமிக்ஸ் பேசுவது? ஆரம்பத்தில் அப்படி ஒரு சண்டை வந்து குரூப்பே உடையப் பார்த்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் கதையில் வருகிற பெயர்தான். மாரிக்கண்ணன் 'சுத்தியல்'. அவனுக்கு ஜென்ம எதிரியாக வாய்த்த ஆள் 'கருஞ்சிறகு'.

ஆறு வருடமாக இருவருக்கும் சண்டை. சாயங்காலம் ஆனால் போதும், ஆரம்பமாகிவிடும்.

"பறக்கத் தெரிஞ்சவன நடக்க வச்சா அது கதையாலே? நாந்தான் தெனமும் நடக்கேனே, அதப் படிக்கத் துட்டு எதுக்கு?" என்று சுத்தியல் எழுதுவான்.

"பறக்கும்போது அவனுக்கு என்னலே பயம் இருந்துச்சு? பயமே இல்லாதவன எப்படி வீரன்னு சொல்லுவ?" என்று கருஞ்சிறகிடமிருந்து பதில் வரும்.

"வாசல்ல நின்னு பேரு கூப்பிடுறதுக்குப் பேரு வீரமா? எழில் எழுதுனது பூராம் குப்பை."

"குப்பை இல்ல."

இந்த இடத்துக்கு வந்து சேராமல் ஒருநாள் சண்டையும் முடிந்ததில்லை. மற்றவர்கள் சிரிப்புப் படம் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். மாரிக்கண்ணனின் மனைவி முருகேஸ்வரி, "அந்தக் கருஞ்சிறகக் கட்டிக்கிட்டிருந்தா ஒமக்குப் பொருத்தமா இருந்திருக்கும்" என்பாள். கருஞ்சிறகைப் பற்றி மாரிக்கண்ணனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பகலில் பதில் வராது. ஒருமுறை காரணம் கேட்டதற்கு, 'அச்சங்குளம் பக்கம் வேலை. கம்பெனிக்குள்ள போன் ஆகாது, கேட்டுலயே வாங்கி வச்சுக்கிருவாக' என்று பதில் வந்தது. விதியை மீறிச் சொல்லிவிட்டோம் என்று உடனே கருஞ்சிறகே அதை அழித்தும்விட்டது.

போன தீபாவளி சீசனில் ஒருநாள், உச்சிவெயில் நேரம். சாத்தூர் சாலையில் ஒரு கம்பெனியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான் மாரிக்கண்ணன். அப்போது அந்தச் சத்தம் வந்தது. சரக்கை வெடித்துப் பார்க்கிற சத்தம் இவர்களுக்குப் பழக்கம், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இது வேறு. இது அடிவயிற்றில் கேட்டது. எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். அச்சங்குளம் திசையில் புகை எழுந்தது.

மாரிக்கண்ணன் போனை எடுத்துக் குரூப்பில் எழுதினான்: 'எல்லாரும் இருக்கீகளா?' பதில்கள் வந்தன. இருக்கேன், இருக்கேன், நல்லாருக்கேன், நான் மதுரையில. கருஞ்சிறகிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பகலில் வராது என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? அந்த எண்ணுக்கு முதல் முறையாகக் கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மீதிப் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அச்சங்குளத்தில் வெடித்த கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், தொழிலாளர்களின் போன்களை வாங்கி வைக்கிற மரப்பெட்டி இருந்தது. அதற்குள் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. எல்லா வீட்டிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். அதில் எது கருஞ்சிறகினுடையது என்று எந்தச் சாமிக்குத் தெரியும்!

"மருந்து கலக்குற ரூம்தான் போச்சு. அதுக்குள்ள வேலை பாத்தவுக தண்ணி குடிக்க வெளிய வந்திருந்த நேரமாம். மத்தவுக பின்பக்கமாக் கருவேலங்காட்டுக்குள்ள ஓடிட்டாக" என்றார் ஒருவர்.

மாரிக்கண்ணன் சுற்றுச்சுவரை ஒட்டி ஓடினான். முள் செருப்பைத் துளைத்தது. பின்பக்கத்துப் பொட்டலில், கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம், அத்தனை பேரும் கூட்டமாக நின்றார்கள். தலையெல்லாம் சாம்பல். இரண்டு பேருக்குக் கையில் தீக்காயம், ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போர்மேன் வேலுச்சாமி நடுவில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேட்டுக்கெல்லாம் அவர் காத்திருக்கவில்லை. மனசில் இருந்தே கூப்பிட்டார்.

"பானுப்பிரியா!"

"இருக்கேண்ணே."

"முனியராஜ்!"

"இங்கன இருக்கேன்."

"கற்பகவல்லி!"

பதில் வர ஒரு நொடி தாமதமானது. மாரிக்கண்ணனுக்கு மூச்சு நின்றது. "இருக்கேன்யா, இருக்கேன்" என்று ஒரு கிழவி விம்மினாள். அவனுக்கும் மூச்சு வந்தது. இவர்களில் யார் அவனுடைய ஆள்? ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெயரும் அவனுடைய ஆளின் பெயராகவே இருந்தது. ஒவ்வொரு 'இருக்கேன்' வரும்போதும் உயிர் போய் உயிர் வந்தது.

"பாண்டிச்செல்வி!"

பதில் இல்லை.

"ஏ பாண்டிச்செல்வி!"

"எனக்கு முன்னாடிதானேண்ணே ஓடுனா!" என்று பானுப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கன போனான்னு தெரியலையே!"

போர்மேன் நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போனது. அப்போதுதான் ஓரத்தில் நின்ற புது ஆள் அவர் கண்ணில் பட்டான்.

"நீங்க யாருய்யா? யாரைத் தேடி வந்தீக?"

"நம்ம கூட்டாளி ஒருத்தரு இங்கன வேலை பாக்காக..."

"பேரச் சொல்லும்."

மாரிக்கண்ணன் தயங்கினான். "கருஞ்சிறகு."

போர்மேனுக்கு வந்ததே கோபம்! "இங்கன செத்துப் பொழச்சு நிக்கோம். ஒரு புள்ளையக் காணாமத் தவிக்கோம். கூத்துக் காட்டவாய்யா வந்தீரு? பேரு தெரியாத கூட்டாளியாம்!"

மாரிக்கண்ணன் உடைந்துவிட்டான். அத்தனை பேருக்கு நடுவில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான்.

"தெரியாதுய்யா! பேரு தெரியாது, ஊரு தெரியாது, மொகம் தெரியாது! ஆறு வருசமாத் தெனமும் சண்டை போட்டிருக்கேன். எழில் எழுதுனது பூராம் குப்பைன்னு நான் சொல்லுவேன். இல்லன்னு அது சொல்லும். அந்த ஒண்ணுதான்யா எனக்குத் தெரியும்!"

இந்த ஆளை என்ன செய்வது என்று போர்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பை இல்ல."

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல். தீனமான பெண்குரல். எல்லோரும் ஓடினார்கள். தொட்டிக்கும் முள்ளுக்கும் இடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி, காலெல்லாம் முள். வேறு ஒரு காயமும் இல்லை. பானுப்பிரியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகில் அடி அடி என்று அடித்தாள். "அடிப் பாவி! தொண்டை கிழியக் கூப்பிடுதாக, வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" போர்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எல்லாரும் வந்தாச்சு, தாயே! எல்லாரும் வந்தாச்சு!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்க, அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள்.

மாரிக்கண்ணன் வண்டிக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தான். பாதி பாட்டிலைக் குடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"கூப்பிட்டது கேட்டுச்சு. இருக்கேன்னு சொல்லத்தான் பாத்தேன். வாய் கட்டிப்போச்சு. இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு. அப்பத்தான் யாரோ குப்பைன்னு சொன்னாக. அதுக்கு மட்டும் எப்படியோ வாய் தொறந்துருச்சு." பாட்டிலை நீட்டியபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் சுத்தியலா?"

"ஆமாங்க. தெரியாம ஏலே ஏலேன்னு எழுதிட்டேன். மனசுல வச்சுக்கிராதீக."

"ஆறு வருசமா ஏலே. இன்னைக்கு என்ன புதுசா மரியாதை?" சிரித்தாள். "இப்பச் சொல்லு. வாசல்ல நின்னு பேரு கூப்பிட்டது குப்பையாலே?"

மாரிக்கண்ணன் பாட்டிலை அவள் பக்கமே தள்ளினான். "மொதல்ல மிச்சத் தண்ணியையும் குடி" என்றான்.

வீட்டுக்கு வந்து, முருகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் எதையோ கேலியாகச் சொல்ல வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, இன்னும் இரண்டு தோசை வார்த்துப் போட்டாள். சாப்பிட்டதும் அவன் வண்டியின் இருக்கைக்கு அடியில் கையை விட்டு அந்த இதழைத் தேடி எடுத்தான். அட்டை கிழிந்து, டீசல் வாடை அடித்தது. முதல் பக்கத்திலிருந்து ஒரு பெயரையும் விடாமல், வாய்விட்டுப் படித்தான். கடைசிப் பக்கம் இருந்தது. அதில் வெண்பருந்து வாசலில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறான், உள்ளேயிருந்து ஒரே ஒரு குரல் வருகிறது. மாரிக்கண்ணன் இதழை மூடி, முன்கண்ணாடிக்குக் கீழே, மாரியம்மனுக்கு முன்னால் வைத்தான்.

சோதனை, விசாரணை என்று சில வாரம் பூட்டிக் கிடந்துவிட்டுக் கம்பெனி திறந்தது. பாண்டிச்செல்வியும் வேலைக்குப் போனாள். போகாமல் யார் சோறு போடுவார்கள்? கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். சாயங்காலம் வாங்கிக்கொண்டு வெளியே வருவாள்.

இப்போதெல்லாம் மாரிக்கண்ணன் நீட்டி முழக்குவதில்லை. கம்பெனி விடுகிற நேரத்துக்கு, எங்கே இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, குரூப்பில் ஒரே ஒரு சொல் போடுவான். 'குப்பை.' ஒருநாள், விவரம் தெரியாத புது வாசகர் ஒருவர், 'அண்ணே, இன்னுமா எழில் எழுதுனது உங்களுக்குப் பிடிக்கல? அம்புட்டு நல்லா இருக்கே!' என்று எழுதினார். மாரிக்கண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

'குப்பை இல்ல' என்று வந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.